கிதார்க் கம்பியில் எரிந்த பல்பு

1. இரண்டு கிதார்கள், ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு சாமான் பை ஆகியவற்றோடு நானும் அண்ணனும் அவன் கூட்டாளியான தவில்காரரும் பழங்காநத்தத்திலிருந்து புறப்பட்டோம்.
2. வாடிப்பட்டியில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, அம்மன் கோயில் பொங்கல் நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.
3. மைக்செட்காரர் எங்களுக்குக் கரண்டு கொடுத்தார். கேட்டபடி எர்த்தும் கொடுத்தார்.
4. கரண்டு இருக்கிறதா என்று அண்ணனின் கிதார்க் கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரிந்தது.
5. கிதாரைத் தொடாதே என்று அண்ணனிடம் சொன்னேன்.
6. தாம்பூலம் வாங்கியாயிற்று, பாடாமல் இறங்க முடியாது என்று அவன் சொன்னான்.
7. அவன் காலில் ஊற்றுவதற்காக மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு பெண்கள் கோயிலிலிருந்து புறப்பட்டார்கள்.

நடந்ததை எழுதச் சொன்னால் எனக்கு முதலில் இப்படித்தான் வருகிறது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்த காலம் முழுவதும் ஒவ்வொரு சோதனையையும் எண் போட்டு எழுதிப் பழகிய கை. ஆனால் மேலே உள்ள வரிசையில் நான்காவதிலிருந்து அண்ணனின் உயிர் ஆபத்தில் இருந்தது. அந்த மாலையின் மிச்சம் எண்ணுக்குள் அடங்கவில்லை.

அண்ணன் தெம்மாங்கு பாடுகிறவன். பகலில் சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை. கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசிக்கும் ஒரு குழுவில் கொஞ்ச காலம் கிதார் வாசித்தான். பிறகு அதிலிருந்து விலகி, அதே கிதாரை வைத்துக்கொண்டு நடவுப் பாட்டும் கும்மிப் பாட்டும் பாட ஆரம்பித்தான். ஆறு கம்பிகளையும் தன் குரலின் சுருதிக்கும் பஞ்சமத்துக்குமாக மாற்றிக் கட்டினான். இடது கைக்கு வேலை குறைந்தது. வலது கை உருமி மேளத்தின் நடையைப் பிடித்துக்கொண்டது. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். இரண்டாவது பாட்டுக்குள் தொடையில் தாளம் போடுவார்கள்.

அவனிடம் இரண்டு கிதார்கள். ஒன்று சாதாரணப் பெட்டிக் கிதார். வீட்டில் பாடவும், சின்ன இடங்களில் மைக் முன்னால் வைத்து வாசிக்கவும் அது போதும். இன்னொன்று கட்டைக் கிதார். பலாக்கட்டையில் செய்தது. உள்ளே பொந்து கிடையாது. சத்தம் முழுவதும் ஆம்ப்ளிஃபயரிலிருந்துதான் வர வேண்டும். எங்கள் பக்கம் ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் ஒரு பாய் அதைச் செய்து கொடுத்தார். இழைப்புளியை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்து அவர் கேட்டது நினைவிருக்கிறது.

"என்னாப்பா, வயிறே இல்லாத வாத்தியமா இருக்கு? இதுக்கு யாரு தீனி போடுறது?"

"கரண்டு போடும் பாய்."

"அது தீனியும் போடும், ஆளையும் திங்கும். பாத்து வச்சுக்க."

ஆம்ப்ளிஃபயர் நான் செய்தது. டிரான்சிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மர், இரும்புத் தகட்டுப் பெட்டி, மூன்று முள் பிளக். கட்டைக் கிதாரில் ஓர் உறுமல் எப்போதும் இருக்கும். கம்பிகளை ஓர் ஒயரால் ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியோடு சேர்த்துவிட்டால் அது அடங்கும். இரும்புப் பெட்டியை எர்த்தோடு, அதாவது மண்ணுக்குள் போகும் ஒயரோடு, சேர்க்க வேண்டும். எர்த் நன்றாக இருந்தால், கம்பியில் கை வைப்பதும் தரையில் கை வைப்பதும் ஒன்று. எர்த் கெட்டுப்போயிருந்தால், எர்த்தில் என்ன இருக்கிறதோ அது கம்பிக்கு வரும். கம்பியிலிருந்து அண்ணன் கைக்கு வரும். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அண்ணனுக்கு முன்னால் நான் மேடையைப் பார்ப்பேன். சாமான் பையில் என் பங்கு இவை: டெஸ்டர், மல்டிமீட்டர், குறடு, இன்சுலேஷன் டேப், மாற்றுக் கம்பிகள், இரண்டு ஒயர் தொங்கும் ஒரு ஹோல்டரில் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அந்த பல்பை இரண்டு இடத்தில் தொட்டால் நடுவில் கரண்டு ஓடுகிறதா என்று தெரிந்துவிடும்.

இந்த ஊர் அழைப்பு அண்ணனுக்குப் பெரியது. அதுவரை அவன் பாடியதெல்லாம் கல்லூரி விழா, தெரிந்தவர்கள் வீட்டு விசேஷம். கோயில் மேடையில் கிதாரோடு பாட ஒருவரும் கூப்பிட்டதில்லை. "சர்ச்சில வாசிக்கிறத அம்மன் முன்னாடி வச்சு வாசிக்கிறதா?" என்று இரண்டு ஊர்களில் கேட்டுவிட்டார்கள். இந்த ஊர்க் கமிட்டிப் பெரியவர் மட்டும் யோசித்துவிட்டு வெற்றிலை பாக்கை நீட்டினார். "அம்மன் பாட்டு மொதப் பாட்டு. அது நல்லபடியா நடந்தா வருசா வருசம் நீதான். நடுவுல ஏதாச்சும் கோளாறு வந்தா இந்த வாத்தியம் இந்தப் பக்கமே வரக் கூடாது" என்றார். அந்தப் பக்கம் என்றால் வாடிப்பட்டிக்கு மேற்கே உள்ள பத்துப் பதினைந்து ஊர்கள். எல்லாக் கமிட்டிக்காரர்களும் ஒருவருக்கொருவர் சம்பந்திகள்.

பஸ்ஸில் கண்டக்டர் கிதார் உறையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாது, வீணையா?"

"கிதாருண்ணே," என்றார் தவில்காரர்.

"அப்ப நீ வச்சிருக்கது?"

"தவிலு. ரெண்டும் சேந்து தெம்மாங்கு."

"வெளங்கும்," என்று சொல்லிவிட்டு, எங்கள் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஒரு பாட்டியம்மாவை உட்காரவைத்துவிட்டுப் போனார்.

ஊருக்குள் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. கோயிலுக்கு எதிரே வயலை ஒட்டி மண்ணைக் கொத்தி எழுப்பிய மேடை. மேலே தென்னங்கீற்றுப் பந்தல். ராத்திரி நடக்கும் நாடகத்துக்குப் பலகை மேடை தனியாக இருந்தது. அம்மன் பாட்டை மட்டும் மண் மேடையில் நின்றுதான் பாட வேண்டும். செருப்புப் போடக் கூடாது. பாடுகிறவன் வாயைத் திறப்பதற்கு முன் ஊர்ப் பெண்கள் வந்து அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது அந்த ஊர் வழக்கம். கால் நனையாமல் அம்மன் பாட்டுக் கிடையாது.

இதைக் கேட்டதும் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். வெறுங்கால். ஈர மண். கையில் இரும்புக் கம்பி. எர்த் நன்றாக இருக்க வேண்டும்.

மைக்செட்காரர் பக்கத்து ஊர்க்காரர். நல்ல உயரம், கணீரென்ற குரல். குழாய் ஸ்பீக்கர்களைத் தென்னை மரத்தில் கட்டி முடித்திருந்தார். பந்தலைச் சுற்றி டியூப் லைட்டுகளும் சீரியல் பல்புகளும் எரிந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும், "வாங்க இஞ்சினியரம்மா" என்றார்.

"அண்ணே, எங்க ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் வேணும்."

"எர்த்தா? அதெல்லாம் கேக்கிற மொத ஆளு நீதான். குடுத்திருக்கேன் தங்கச்சி, போயிப் பாரு."

பிளக் பாயின்டில் எர்த் ஒயர் உண்மையிலேயே இருந்தது. பச்சை ஒயர் கிடைக்காமல் மஞ்சள் ஒயர். அது மேடைக்குப் பின்னால் போனது. பின்னால் தரையில் ஓர் இரும்புக் கம்பி அடித்திருந்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பிளக்கைச் சொருகினேன்.

உறுமல் அடங்கவில்லை. கூடியது.

அண்ணன் கிதாரை எடுக்கக் கை நீட்டினான். "இரு," என்று சொல்லிவிட்டு டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன். டெஸ்டரின் வயிற்றுக்குள் ஆரஞ்சு நிறம் ஏறியது. அடுத்த கம்பி. அதிலும் எரிந்தது. மைக் ஸ்டாண்டில் வைத்தேன். அங்கேயும் எரிந்தது.

மேடைக்குப் பின்னால் போனேன். அந்த இரும்புக் கம்பியில் எங்கள் மஞ்சள் ஒயர் மட்டும் கட்டியிருக்கவில்லை. தடித்த ஒயர் இன்னொன்றும் சுற்றியிருந்தது. அது எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே நடந்தேன். டியூப் லைட்டுகளுக்குப் போனது. வயலுக்கு அந்தப் பக்கம் பம்ப்செட் மோட்டார் அறையிலிருந்து வரும் ஒயரைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று.

விஷயம் புரிந்துவிட்டது. கரண்டு வர ஓர் ஒயர், திரும்பிப் போக ஓர் ஒயர் என்று இரண்டு வேண்டும். மோட்டார் அறை தூரம் என்பதால் அவர் ஒன்றைத்தான் இழுத்திருந்தார். திரும்பிப் போக மண்ணையே வழியாக்கி, அதற்காகத்தான் கம்பியை அடித்திருந்தார். பந்தலில் எரிந்த அத்தனை விளக்கின் கரண்டும் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதே கம்பியை எனக்கு எர்த் என்று கொடுத்திருந்தார். கிதாரின் ஆறு கம்பிகளும் அந்தக் கம்பியோடு சேர்ந்த கம்பிகள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டியூப் லைட்டுகள் மினுங்கின. மைக்செட்காரர் ஒரு வாளியோடு வந்தார். கம்பியைச் சுற்றித் தண்ணீரை ஊற்றினார். விளக்குகள் பளிச்சென்று ஆயின.

"உப்புத் தண்ணி," என்றார். "மண்ணு காஞ்சா மங்கும். ஊத்துனா ஏறிக்கும். இது படிப்புல வராது."

கோயில் திடலில் எல்லோரும் வெறுங்காலோடு இருந்தார்கள். அவர் காலில் மட்டும் கனத்த டயர் செருப்பு இருந்தது. பார்த்தேன். பார்த்ததோடு விட்டுவிட்டேன்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிதார்க் கம்பியிலும் மறு முனையை மண் மேடையில் குத்திய ஆணியிலும் வைத்தேன். முள் நூறு வோல்ட்டை நோக்கிப் போனது. அப்போது மேடை காய்ந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் இன்னும் விழவில்லை.

"அண்ணே, இதுல ஆள் செத்துப் போயிரும்," என்றேன்.

"பத்து ஊர்ல இப்படித்தான் அடிச்சிருக்கேன். ஒரு கோழி கூடச் சாகல."

"எந்த ஊர்லயும் கம்பி வாத்தியம் வாசிச்சிருக்க மாட்டாங்க. தவில்ல தோலு. நாயனத்துல மரம். இதுல இரும்பு."

"அப்ப அத வாசிக்காதீக. நானா கொண்டாரச் சொன்னேன்?"

அண்ணனிடம் வந்து சொன்னேன். அவன் முகம் முதலில் மாறவில்லை. சட்டைக் கை மடிப்பை இறக்கி, மறுபடி ஏற்றினான்.

"எர்த் ஒயரக் கழட்டிட்டா?"

அதையும் செய்து பார்த்துவிட்டேன். டெஸ்டர் மங்கலாக எரிந்தது. மங்கலாக எரிவது ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மருக்குள் சுருள்களைப் பிரிக்கும் காகிதம் கருகியிருப்பதாகவும் இருக்கலாம். பழைய சாமான் கடையில் பொறுக்கிய டிரான்ஸ்ஃபார்மர். அதன் காகிதத்தை நம்பி அண்ணனை ஈர மண்ணில் நிற்கவைக்க நான் தயாராக இல்லை.

"மைக்ல கூட வருதுண்ணே. வெறும் தொண்டையில பாடிட்டு எறங்கிரு. உசுரு முக்கியம்."

"தாம்பூலம் வாங்கிருக்கேன் பாப்பா."

"அவுகளுக்குச் சொல்லிப் புரியவைப்போம்."

"என்னான்னு சொல்லுவ? கிதாருல கோளாறுன்னா? அதத்தானே அவரு எதிர்பாக்குறாரு." குரல் தணிந்தது. "இன்னைக்கி இதக் கையில எடுக்காம எறங்குனா, இந்தப் பக்கம் இதுக்கு மறுபடி மேடையே கெடையாது. ஒனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். பெட்டிக் கிதார் இருந்தாலும், மைக் இல்லாமல் அது அந்தத் திடலில் யாருக்கும் கேட்காது. தவில்காரர் தவிலை மடியிலிருந்து இறக்கிவைத்தார். "மாப்ள, நீ கிதார எடுத்தா நான் தவில எடுக்க மாட்டேன். ஒம் பொணத்துக்கு நான் வாசிக்க வரல" என்றார். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவர். சிரிக்கவில்லை.

ஒரு வழி இருந்தது. மைக்செட்காரரின் ஜீப்பில் ஒரு லாரி பேட்டரி கிடந்தது. பேட்டரியில் ஓடினால் கிதாருக்கும் மண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் ஆம்ப்ளிஃபயர் பன்னிரண்டு வோல்ட்டில் பாதிச் சத்தத்தோடு ஓடும். அவருடைய மைக் பெட்டியும் பேட்டரியில் ஓடக்கூடியதுதான். போய்க் கேட்டேன்.

"அது சாமி ஊர்வலத்துக்கு," என்றார். "ஊர்வலம் பாதித் தெருவுல நிக்கையில மைக்கு செத்துச்சுன்னா என்னைய இந்த ஊருக்குள்ள விடுவாங்களா? ஒங்கண்ணன் வாத்தியத்துக்காக எம் பொழப்பக் கெடுத்துக்க முடியாது தங்கச்சி."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அவரவர் மேடை அவரவருக்கு.

அப்போதுதான் கோயில் பக்கம் மேளம் மாறியது. வரிசையில் ஏழாவதாக எழுதியிருக்கிறேனே, அது. ஏழெட்டுப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு, குடத்தின் வாயில் வேப்பிலையோடு வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் ஊரே வந்தது. முன்னால் கமிட்டிப் பெரியவர்.

சொன்னால் புரியாது, கண்ணால் பார்த்தால் புரியும் என்று நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பு பல்பை எடுத்தேன். ஓர் ஒயரைக் கிதார்க் கம்பியில் முறுக்கினேன். இன்னொன்றை மேடை மண்ணில் குத்திய ஆணியில் முறுக்கினேன். குடிதண்ணீர்ப் பாத்திரத்திலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி ஆணியடியில் விட்டேன். மஞ்சள் ஒயரோடு பிளக்கை மறுபடி சொருகிவிட்டு மேடைக்கு வந்தேன்.

பல்பு எரிந்தது. பளிச்சென்று இல்லை. கங்கு மாதிரி, சிவப்பாக.

"பெரியவரே, இங்க பாருங்க," என்றேன். "இந்த வாத்தியத்துக்கும் இந்த மண்ணுக்கும் நடுவுல கரண்டு போகுது. பல்பு இருக்க எடத்துல எங்கண்ணன் நிக்கப் போறான்."

நான் பேசியது பெரியவரைத் தவிர யார் காதிலும் விழவில்லை என்று நினைக்கிறேன். அவர் காதிலும் பாதிதான் விழுந்திருக்கும். ஏனென்றால் கூட்டம் பார்த்தது வேறு. மேடையில் மனிதர் யாரும் தொடாத ஒரு வாத்தியம். அதன் கம்பியிலிருந்து ஓர் ஒயர். அம்மன் மண்ணிலிருந்து ஓர் ஒயர். நடுவில் சிவப்பாக ஒரு வெளிச்சம்.

"ஆத்தா எறங்கிட்டாடி!" என்று ஒரு குரல் கேட்டது.

அடுத்த மூச்சில் குலவை. ஒரு வாயில் தொடங்கி எல்லா வாய்களுக்கும் பரவியது. யாரும் தொடக் கூடாது என்று காட்டுவதற்காக நான் ஏற்றிய விளக்கை, எல்லோரும் தொட வேண்டிய விளக்காக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தலையை விரித்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். கமிட்டிப் பெரியவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கிதாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வேணாம், கிட்ட வராதீங்க," என்று கத்தினேன். குலவையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணன் கிதாருக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றான். அவர்கள் அதையும் சாமியாட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

வரிசையின் முதல் பெண் குடத்தைக் கீழே வைத்தாள். முப்பது வயது இருக்கும். முழங்கை வரை மஞ்சள் தண்ணீர் வழிந்திருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, தொட்டுக் கும்பிட அண்ணனின் கைக்குக் கீழே குனிந்து கையை நீட்டினாள்.

"ஏ பிள்ள! தொடாத! தொடாதடீ!"

கத்தியது நான் இல்லை. மைக்செட்காரர். மைக் கையில் இருந்ததால் அது தென்னை மரத்துக் குழாய்கள் அத்தனையிலும் கேட்டது. அந்தப் பெண் அவர் மனைவி, இந்த ஊரில் பிறந்தவள்.

அவள் கை நின்றது. கம்பிக்கும் அவள் விரலுக்கும் இடையில் ஒரு பூ நுழையும் அளவுதான் இடம் இருந்தது. நான் மேடையிலிருந்து குதித்து பிளக்கைப் பிடுங்கினேன். பல்பு அணைந்தது.

குலவை அறுந்தது.

"யாரு அமத்துனது?" என்றார் ஒருவர். "அந்தப் பிள்ளதான். தொடக் கூடாத நேரத்துல தொட்டிருச்சோ என்னமோ," என்றாள் ஓர் அம்மாள். சில தலைகள் என் பக்கம் திரும்பின. நான் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே போடவில்லை.

கமிட்டிப் பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. மைக்செட்காரரைப் பார்த்தார்.

"ஒம் பொண்டாட்டி சாமியத் தொடப் போனா. நீ ஏன்யா கத்துன?"

மைக்செட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் நீட்டிய கையை மார்போடு சேர்த்து இன்னொரு கையால் பிடித்திருந்தாள். அவர் காலில் கிடந்த டயர் செருப்பை அப்போது மறுபடி பார்த்தேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்து எவ்வளவு நேரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"கடிக்கும்," என்றார் கடைசியில். "அந்தக் கம்பி கடிக்கும். நான் அடிச்ச கம்பி. செருப்பில்லாம நானே கிட்டப் போறதில்ல."

"ஆளக் கொல்லுமா?"

"ஈரத்துல கொல்லும்." பிறகு, மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, "அந்தத் தங்கச்சி மேல தப்பில்ல. அது மொதல்ல இருந்தே சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

அவர் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "தெரிஞ்சுக்கிட்டேவா ஊரூரா தண்ணி ஊத்துன? எம்புட்டு நெஞ்சழுத்தம் ஒனக்கு?"

பெரியவர் ஒருவரை மோட்டார் அறைக்கு ஓடவிட்டு ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னார். பந்தல் இருண்டது. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வந்தன. மைக்செட்காரர் ஒருவரையும் கூப்பிடாமல் தானே லாரி பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். ஊர்வலம் பற்றி அவர் பேசவில்லை. பெரியவர்தான், "நடந்துபோற சாமிக்கு நடந்துபோறவன் குரலு போதும்" என்றார்.

பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய் எது பிளஸ், எது மைனஸ் என்று தெரியவில்லை. மாற்றிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர்கள் எரிந்துவிடும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஒயர்களை வெட்டினேன். கரண்டு இல்லாததால் ஈயம் வைத்துப் பற்றவைக்க வழி இல்லை. பேட்டரி ஒயர்களைக் கையால் முறுக்கி டேப் சுற்றினேன். மைக்செட்காரர் தன் மைக் பெட்டியையும் அதே பேட்டரியில் மாட்டினார். பெட்ரோமாக்ஸ் பிடித்திருந்தவர், "இது எரியுமாத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பல்பைத்தான் கேட்டார். "எரியாது. எரியக் கூடாது," என்றேன்.

டெஸ்டரை வைத்தேன். கம்பியில் இல்லை. மைக் ஸ்டாண்டில் இல்லை. இரும்புப் பெட்டியில் இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இல்லை.

பெண்கள் குடங்களை மறுபடி இடுப்பில் ஏற்றினார்கள். அண்ணன் மண் மேடையில் நின்றான். கிதாரை எடுக்கப் போனான்.

"இருண்ணே."

வெறுங்காலோடு மேடையில் ஏறினேன். ஆணியடியில் நான் விட்ட தண்ணீரில் மண் குழைந்திருந்தது. அதில் இரண்டு கால்களையும் வைத்தேன். கம்பியை விரல் நுனியால் தொடக் கூடாது. கரண்டு இருந்தால் கை மூடிப் பிடித்துக்கொள்ளும். புறங்கையால் தொட வேண்டும். எதிரில் இருந்தது நான் செய்த ஆம்ப்ளிஃபயர், நான் முறுக்கிய ஒயர், நான் வைத்துப் பார்த்த டெஸ்டர். அத்தனையும் சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் புறங்கை கம்பிக்குப் போகத் தயங்கியது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டேன். ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். பிறகு மைக்கை.

எதுவும் இல்லை. ஆறாவது கம்பி மட்டும் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது.

"ஆறாவதக் கூட்டிக்க," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மஞ்சள் தண்ணீர் விழுந்தது. ஏழெட்டுக் குடங்களும். அண்ணன் கணுக்கால் வரை மண் குழம்பாகிவிட்டது. அந்தச் சேற்றில் நின்றுகொண்டு அவன் வலது கையை இறக்கினான். பாதிச் சத்தம்தான் வந்தது. குழாய் ஸ்பீக்கரில் அவன் குரலும் சின்னதாகத்தான் கேட்டது. அதனால் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு நெருங்கி வந்து நின்றது. தவில்காரர் முதல் இரண்டு வரிக்குத் தவிலைத் தொடவே இல்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வரியில்தான் தட்டினார்.

மைக்செட்காரர் மேடைக்குப் பின்னால் குந்தியிருந்தார். பாட்டு நடக்கும்போதே அந்த இரும்புக் கம்பியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். நாடகம் தொடங்குவதற்குள் ஊர்க்காரர்கள் யாருடைய கொட்டகையிலிருந்தோ ஒரு சுருள் ஒயர் கொண்டுவந்தார்கள். இரண்டாவது ஒயரை இழுத்தார்கள். அதை நானும் சேர்ந்து பிடித்தேன்.

இப்போது உள்ள நிலை இது. அண்ணன் பாடுகிறான். வாடிப்பட்டிக்கு மேற்கே ஆறேழு ஊர்களில் அவனுக்குக் கோயில் மேடை இருக்கிறது. இரண்டு கிதார்களும் பழங்காநத்தம் வீட்டில் இருக்கின்றன. பெட்டிக் கிதாருக்குப் புதுக் கம்பி போட வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டேன். சொந்தமாக ஒரு பேட்டரி வைத்திருக்கிறோம். நான் டி.வி. ரிப்பேர் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். திருவிழாக் காலத்தில் லீவு போட்டுக்கொண்டு அவனோடு போகிறேன். முதல் ஊரில் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தச் சிவப்பு பல்பை ஏற்றச் சொல்லிக் கேட்கிறார்கள். ஏற்றுவதில்லை. அந்த ஊரில் மைக்செட்காரர் இரண்டு ஒயர் இழுக்கிறார். மற்ற ஊர்களில் இன்னும் கம்பிதான் அடிக்கிறார் என்று தவில்காரர் சொல்கிறார்.